பேட்டைப் பெருமை: எங்கிருந்து வருகிறது, யாருக்கு உதவுகிறது?

2017-இல் நியூயார்க்கில் ஒரு பெயர்ச் சண்டை நடந்தது. கறுப்பின மக்களின் பேட்டையாகப் பெயர்பெற்ற ஹார்லெமின் தெற்குப் பகுதியை, அதாவது 110-ஆம் தெருவுக்கும் 125-ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட இடத்தை, வீட்டுத் தரகர்கள் சிலர் ‘சோஹா’ என்று புதுப் பெயரில் விளம்பரப்படுத்தினார்கள். பெயரை மாற்றியதால் ஒரு வீடும் இடிபடவில்லை, யாருக்கும் வரி கூடவில்லை. ஆனாலும் அங்கே வாழ்ந்தவர்கள் கொதித்தெழுந்து தெருவில் திரண்டார்கள். பேட்டைப் பெயர்களை இஷ்டத்துக்கு மாற்றி விளம்பரம் செய்வதைத் தடுக்க வேண்டும் என்று மாநில சட்டமன்றத்தில் ஒரு மசோதாவும் முன்வைக்கப்பட்டது.

இதுபோன்ற செய்திகள் பல பெருநகரங்களிலிருந்து அடிக்கடி வருகின்றன. எங்கோ ஒரு வார்டின் எல்லையை நகர்த்தினால் ஆர்ப்பாட்டம் நடக்கிறது. இன்னோரிடத்தில் விற்கப்பட்ட மைதானம் ஒன்றுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடுகிறார்கள். ஒரு பெயருக்கும் ஒரு கோட்டுக்குமா இவ்வளவு ரகளை என்று வெளியிலிருந்து படிப்பவருக்குத் தோன்றும். அந்த ரகளைக்குக் காரணங்கள் உண்டு. வெறும் உணர்ச்சி என்று அதைத் தள்ளிவிட்டால், கடும் வெயிலில் எந்தப் பகுதியில் அதிகம் பேர் இறந்தார்கள், பூகம்பத்துக்குப் பிறகு எந்தத் தெரு தீயிலிருந்து தப்பியது என்பவற்றைக்கூட விளங்கிக்கொள்ள முடியாது.

## பேட்டை என்பது எது?

பேட்டை, ஏரியா, வட்டாரம் என்று எப்படிச் சொன்னாலும், ஒரு பெருநகரத்துக்குள் தனக்கென்று பெயரும் முகமும் உள்ள ஒரு பகுதியைத்தான் குறிக்கிறோம். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டால்தான் சிக்கல். ஒரே இடத்தின்மேல் மூன்று வகைக் கோடுகள் விழுகின்றன.

1. நிர்வாகக் கோடு. வார்டு, மண்டலம், தொகுதி போன்றவை. ஆட்சி நடத்தவும் தேர்தல் நடத்தவும் போடப்படுவது. மக்கள்தொகை கூடினாலோ குறைந்தாலோ இது நகரும்.
2. ஆய்வுக் கோடு. ஒரு பகுதியைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்கள் போடுவது. இது நகரக் கூடாது. நகர்ந்தால் பழைய கணக்கோடு புதிய கணக்கை ஒப்பிட முடியாது.
3. மனக் கோடு. அங்கே வாழ்பவர்கள் தலைக்குள் இருப்பது. ‘அந்தப் பாலத்தைத் தாண்டினால் நம்ம ஏரியா இல்லை’ என்று சொல்ல வைப்பது.

செய்தியில் வரும் சண்டைகளில் பல, நிர்வாகக் கோடும் மனக் கோடும் மோதும்போது வருபவை.

சிகாகோவில் இந்த மூன்றும் பின்னிக்கிடப்பதைப் பார்க்கலாம். எர்னஸ்ட் பர்ஜெஸ் உள்ளிட்ட சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் 1920-களில் அந்த நகரத்தை 75 சமூகப் பகுதிகளாகப் பிரித்தார்கள். ஆறு, ரயில் பாதை, பூங்கா போன்ற தடைகளையும், மக்கள் தங்கள் இடத்தை என்ன பெயரில் அழைத்தார்கள் என்பதையும் பார்த்தே கோடு போட்டார்கள். ஆய்வுக்காகப் போட்ட அந்தக் கோடுகளையும் பெயர்களையும் ஜனங்கள் மெல்ல மெல்லத் தங்கள் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். இன்று அங்கே 77 பகுதிகள். பிறகு சேர்ந்த இரண்டில் ஒன்று, விமான நிலையத்துக்காக 1950-களில் நகரத்தோடு இணைத்த ஓஹேர். மற்றொன்று எட்ஜ்வாட்டர். முதல் வரைபடத்தில் அது அப்டவுன் என்ற பகுதிக்குள் அடங்கியிருந்தது. நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று அங்கிருந்தவர்கள் விடாமல் வற்புறுத்தி, 1980-இல் தனிப் பகுதியாகப் பிரிந்தார்கள். ஆய்வாளர் போட்ட கோட்டை மக்களின் மனக் கோடு திருத்திவிட்டது. வார்டு எல்லைகளோ இந்தக் காலம் முழுக்க மாறிக்கொண்டே இருந்தன.

மனக் கோடு எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது? நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் 1960-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் நகரவாசிகள் தங்கள் ஊரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டு ஆராய்ந்தார். பாதைகள், விளிம்புகள், பகுதிகள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் என்ற ஐந்தைக் கொண்டு மனிதர்கள் நகரத்தை மனத்துக்குள் கட்டிக்கொள்கிறார்கள் என்றார். தெளிவான விளிம்பும், எல்லோரும் வந்துபோகும் ஒரு சந்திப்பும், தூரத்திலிருந்தே கண்ணில் படும் ஒரு சின்னமும் இருக்கிற பேட்டை எளிதாக மனத்தில் பதிந்துவிடும்.

## குணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பேட்டையின் குணம் அங்குள்ளவர்களின் ரத்தத்திலேயே ஊறியது என்பதுபோலப் பேசுகிறவர்கள் உண்டு. வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. குணத்துக்கு ஊற்றுக்கண் பெரும்பாலும் பின்வரும் மூன்றில் ஒன்றாக இருக்கிறது; சில இடங்களில் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

1. நகரம் விழுங்கிய ஊர்கள்

பெருநகரம் வளரும்போது சுற்றியுள்ள ஊர்களைத் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. ஊரின் பெயர்ப் பலகை மாறினாலும் அதன் சதுக்கமும் கோயிலும் கடைத்தெருவும் அங்கேயே இருக்கும். பாரிஸ் 1860-இல் சுற்றுப்புற ஊர்களை இணைத்துக்கொண்டு, 12 வட்டங்களாக இருந்த நகரத்தை 20 வட்டங்களாக்கியது. ஒவ்வொரு வட்டத்துக்கும் நான்கு உட்பிரிவுகள், ஆக மொத்தம் 80. மோன்மார்த்ரும் பெல்வீலும் அதுவரை தனி ஊர்கள். இதில் பெல்வீலை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை 19-ஆம் வட்டத்திலும் மறு பாதியை 20-ஆம் வட்டத்திலும் போட்டார்கள். நிர்வாகத்தில் அப்படியோர் ஊர் இல்லாமல் போனது. ஆனால் இன்றும் அங்கே வாழ்பவர்களுக்கு அது பெல்வீல்தான்.

பார்சிலோனாவின் கிராசியா இன்னும் தெளிவான உதாரணம். 1897 வரை அது தனி நகராட்சி. 1870-இல் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து அங்கே கலகம் வெடித்தபோது, ஊர்ச் சதுக்கத்து மணிக்கூண்டின் மணியை விடாமல் அடித்தார்கள். படை வந்து பீரங்கியால் சுட்டது. அந்த மணிக்கூண்டு இப்போதும் அதே சதுக்கத்தில் நிற்கிறது. நகரத்தோடு இணைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், நகர மையத்துக்குக் கிளம்பும் கிராசியாக்காரர் ‘பார்சிலோனாவுக்கு இறங்கிப் போகிறேன்’ என்று சொல்லும் வழக்கம் மறையவில்லை.

2. வாடகையும் பிழைப்பும்

யாரால் எங்கே வாடகை கொடுக்க முடிகிறது என்பதுதான் ஒரு பேட்டையில் யார் வாழ்வார்கள் என்பதை முடிவு செய்கிறது. ஹார்லெமையே எடுத்துக்கொள்வோம். சுரங்க ரயில் வரப்போகிறது என்று நம்பி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அளவுக்கு மீறி வீடுகளைக் கட்டினார்கள். 1904-இல் ரயில் வந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் குடித்தனக்காரர்கள் வரவில்லை. வீடுகள் காலியாகக் கிடந்தன. பிலிப் பேட்டன் என்ற கறுப்பினத் தொழிலதிபர் அந்தச் சமயம் பார்த்து, காலி வீடுகளில் கறுப்பினக் குடும்பங்களைக் குடியேற்ற முன்வந்தார். நகரத்தின் வேறு இடங்களில் வீடு மறுக்கப்பட்டவர்களுக்கு இங்கே வாசல் திறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் கறுப்பின இலக்கியம், இசை, அரசியல் எல்லாவற்றுக்கும் ஹார்லெம் தலைநகரம் ஆகிவிட்டது. ரியல் எஸ்டேட் கணக்கு ஒன்று தப்பியதில் தொடங்கிய கதை இது.

பெர்லினின் க்ராய்ஸ்பெர்க்குக்கும் இதே போன்ற ஒரு கதை உண்டு. 1961-இல் பெர்லின் சுவர் எழுந்ததும், க்ராய்ஸ்பெர்க்கின் கிழக்குப் பகுதி மூன்று பக்கமும் சுவரால் அடைபட்ட ஒரு மூலையாகிப்போனது. வசதி உள்ளவர்கள் கிளம்பினார்கள், வாடகை சரிந்தது. துருக்கியிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள், மாணவர்கள், கலைஞர்கள், மேற்கு பெர்லினில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது என்பதால் வந்த இளைஞர்கள் எல்லோரும் அங்கே சேர்ந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் காலிக் கட்டடங்களுக்குள் புகுந்து வாழும் இயக்கம் அங்கே வலுத்தது. பழைய அஞ்சல் குறியீடான ‘எஸ்ஓ 36’ என்பதே பேட்டையின் பட்டப்பெயர் ஆனது. நகரம் ஒதுக்கித் தள்ளிய மூலை, தன் ஒதுங்கிய நிலையையே பெருமையாகச் சொல்லத் தொடங்கியது.

3. கட்டாயம்

மூன்றாவது வழி கசப்பானது. அமெரிக்காவில் 1933-இல் தொடங்கப்பட்ட அரசு வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்று, 1930-களின் பிற்பகுதியில் 200-க்கு மேற்பட்ட நகரங்களை வரைபடத்தில் தரம் பிரித்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு தரம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பில் விழுந்தன. சிவப்பு என்றால் கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று பொருள். இத்தகைய பகுதிகளில் வீட்டுக் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பானது. இப்படி அடைக்கப்பட்ட பேட்டைகளில் வளர்ந்த நெருக்கத்தையும் பெருமையையும் கொண்டாடும்போது, அந்த நெருக்கத்துக்குள் மக்களைத் தள்ளியது எது என்பதை மறக்கக் கூடாது.

## குணம் பெருமையாக மாறும் இடம்

குணம் இருக்கிற எல்லாப் பேட்டையிலும் பெருமை இருப்பதில்லை. பழமையான தெருக்கள், அழகான கட்டடங்கள் எல்லாம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாமல் வாழ்கிற இடங்கள் ஏராளம். பெருமை ஒட்டிக்கொள்ளும் இடங்களைக் கவனித்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது: அங்கே மக்கள் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு நாட்காட்டியில் ஒரு தேதி இருக்கிறது. பெரும்பாலும் எதிரே ஒரு போட்டிப் பேட்டையும் இருக்கிறது.

இத்தாலியின் சியெனா பெருநகரம் இல்லை, ஆனால் இதை ஆராய அதைவிட நல்ல இடமும் இல்லை. பழைய நகரம் கொன்ட்ராடா என்ற 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. எல்லைகள் 18-ஆம் நூற்றாண்டில் உறுதியானவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி, தேவாலயம், அருங்காட்சியகம், நீரூற்று உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய தேதிகளில் நகரச் சதுக்கத்தில் குதிரைப் பந்தயம். ஒரு பந்தயத்தில் பத்துப் பேட்டைகள்தான் ஓட முடியும். பந்தயம் முடிய ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. அதற்கான பணம் திரட்டல், கூட்டம், விருந்து, கொடி வீசும் பயிற்சி எல்லாம் ஆண்டு முழுக்க நடக்கும். பெருமையை உண்டாக்குவது இந்த ஆண்டு முழுக்க நடக்கும் வேலைதான்.

டோக்கியோவின் அசாகுசா பகுதியில் மே மாதம் நடக்கும் சஞ்சா விழாவில், 44 தெருச் சங்கங்கள் சுமார் நூறு சிறு தேர்களைத் தோளில் சுமந்து வருகின்றன. பிரேசிலின் ரியோ நகரத்தில் கார்னிவல் விழாவுக்கு ஆடிப் பாடும் குழுக்களான சம்பா பள்ளிகளுக்கும் பேட்டைதான் வேர். 1928-இல் தொடங்கிய மாங்கேரா பள்ளி ஒரு குன்றுக் குடியிருப்பின் பெயரையே தாங்கியிருக்கிறது. கிராசியாவில் ஆகஸ்ட் விழாவுக்குத் தெருக்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு அலங்கரிக்கும். பழைய காகிதம், பாட்டில் போன்றவற்றை வைத்து அண்டை வீட்டார் மாதக்கணக்கில் வேலை செய்வார்கள்.

அர்ஜென்டினாவின் போயனோஸ் அயர்ஸ் நகரத்தில் இந்த வேலையைக் கால்பந்துக் கழகங்கள் செய்கின்றன. அங்கே 48 பேட்டைகள்; பல கழகங்கள் ஏதாவது ஒரு பேட்டையின் பிள்ளைகள். இவற்றில் சான் லொரென்சோவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கழகத்தின் மைதானம் 1916 முதல் போவேதோ என்ற பேட்டையில் இருந்தது. ராணுவ ஆட்சிக் காலத்தில், 1979 டிசம்பரில், அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. நிலம் கைமாறியது, மைதானம் இருந்த இடத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்தது. சொந்த மைதானமே இல்லாமல் கழகம் பதினான்கு ஆண்டுகள் அலைந்தது. 1993-இல் புது மைதானம் கிடைத்தது, ஆனால் வேறு இடத்தில். ரசிகர்கள் விடவில்லை. ஊர்வலம், கையெழுத்து, நிதி திரட்டல் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2012 நவம்பரில் நகர சட்டமன்றம் அந்த நிலம் கழகத்துக்குத் திரும்பக் கிடைக்க வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. சதுர மீட்டர் கணக்கில் ரசிகர்கள் பணம் போட்டு நிலத்தை மீட்டார்கள். அங்கே ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்திராத இளைஞர்களும் அதில் இருந்தார்கள். மைதானம் போன பிறகும் பேட்டைப் பெருமையைக் கழகம் என்ற அமைப்பு உயிரோடு வைத்திருந்தது.

பெருமையை ஊட்டும் இன்னொரு சக்தி, ஆபத்து. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸை இங்கே குறிப்பிட வேண்டும். நடைபாதையில் நடமாட்டமும், கடையும் வீடும் கலந்த தெருக்களும், பழைய கட்டடங்களும் ஒரு பேட்டையை எப்படிப் பாதுகாப்பாக வைக்கின்றன என்று 1961-இல் அவர் எழுதினார். கீழ் மன்ஹாட்டனைக் குறுக்கே வெட்டிச் செல்ல இருந்த நெடுஞ்சாலைத் திட்டத்தை எதிர்த்த இயக்கத்தில் முன்னணியில் நின்றார். 1969-இல் திட்டம் கைவிடப்பட்டது. அதுவரை தனித்தனியாக வாழ்ந்தவர்கள் ஒரே பேட்டைக்காரர்கள் என்று உணர, அந்தச் சாலை வரைபடமே போதுமானதாக இருந்தது.

## உயிர் காக்கும் விஷயம்

இதுவரை சொன்னவை கொடி, விழா, ஆட்டம். இவற்றால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 1995-ஆம் ஆண்டு இரண்டு பதில்களைத் தந்தது.

முதலாவது, சிகாகோவில் ஜூலை மாதம் அடித்த வெப்ப அலை. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க் இந்தச் சாவுகளைப் பேட்டை வாரியாக ஆராய்ந்தார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்று இரண்டு பகுதிகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. இரண்டிலும் வெயில் ஒன்றுதான். இரண்டிலும் ஏழைகளும் தனியாக வாழும் முதியவர்களும் உண்டு. ஆனால் மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால், நார்த் லான்டேலில் சாவு விகிதம் பக்கத்துப் பகுதியைப் போலச் சுமார் பத்து மடங்கு.

காரணத்தைத் தேடி அவர் தெருவுக்குப் போனார். நார்த் லான்டேலில் தொழிற்சாலைகள் மூடிப்போய், கடைகள் அடைபட்டு, காலி மனைகள் பெருகியிருந்தன. முதியவர்கள் வெளியே வரவே அஞ்சினார்கள். சவுத் லான்டேலில் தெருவெல்லாம் கடைகளும் ஆள் நடமாட்டமும். வீட்டுக்குள் புழுங்கினால் முதியவர்கள் வெளியே வந்து, பக்கத்துக் குளிர்சாதனக் கடையில் போய் நிற்க முடிந்தது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்தார்கள். இது இன வேறுபாட்டால் வந்ததாக இருக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள், ஏனென்றால் ஒன்று கறுப்பினத்தவர் பகுதி, மற்றது லத்தீன் அமெரிக்க மக்களின் பகுதி. ஆனால் இரண்டுமே கறுப்பினத்தவர் பகுதிகளான எங்கிள்வுட்டிலும் ஆபர்ன் கிரெஷமிலும் இதே வித்தியாசம் இருந்தது. உயிர்ப்பான தெருக்களும் தெருக் குழுக்களும் கொண்ட ஆபர்ன் கிரெஷம், நகரத்தின் வசதியான பகுதிகள் சிலவற்றைவிடவும் பத்திரமாக இருந்தது.

இரண்டாவது, அதே ஆண்டு ஜனவரி 17 அதிகாலை ஜப்பானின் கோபே நகரத்தைக் குலுக்கிய பூகம்பம். 6,400-க்கு மேற்பட்டோர் இறந்த அந்தப் பேரழிவில் பல இடங்களில் தீப்பற்றியது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்ததால் தீயணைப்பு வண்டிகளால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. மானோ என்ற பேட்டையில் மக்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றித் தீயை அடக்கினார்கள். அருகிலிருந்த மிகுரா பேட்டையில் அப்படி யாரும் திரளவில்லை, வீடுகள் எரிந்தன. மானோவுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1960-களில் தொழிற்சாலை மாசை எதிர்த்துப் போராடத் தொடங்கிய பேட்டை அது. பிறகு பூங்கா அமைப்பது, முதியவர்களைக் கவனிப்பது, தெருவைத் திட்டமிடுவது என்று முப்பது ஆண்டுகள் சேர்ந்தே வேலை செய்திருந்தார்கள். யாரைக் கூப்பிட வேண்டும், யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்பது அந்தக் காலையில் எல்லோருக்கும் ஏற்கனவே தெரிந்திருந்தது.

இந்தத் திறனுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் கூட்டுச் செயல்திறன். ராபர்ட் சாம்சன், ஸ்டீபன் ராடன்புஷ், ஃபெல்டன் ஏர்ல்ஸ் ஆகியோர் சிகாகோவின் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் கருத்துக் கேட்டு 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் அளந்தவை இரண்டு. ஒன்று, அண்டை வீட்டார்மேல் நம்பிக்கை இருக்கிறதா. இன்னொன்று, தெருவில் தப்பு நடந்தால் யாராவது தட்டிக் கேட்பார்களா. இவை இரண்டும் கூடுதலாக இருந்த பகுதிகளில், வறுமை போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், வன்முறை குறைவாக இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். உயிரைக் காத்தது பெருமைப் பேச்சு அல்ல. நடக்கத் தகுந்த தெரு, பழகிய முகங்கள், சேர்ந்து வேலை செய்த அனுபவம் ஆகியவைதான் காத்தன. பெருமை பெரும்பாலும் இவற்றின் வெளி அடையாளம். அடையாளம் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத பேட்டைகளும் உண்டு. ஆனால் ஆபத்து நேரத்தில் ஜனங்களைத் திரட்ட அந்த அடையாளமும் உதவும். 2005-இல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸில், மறுசீரமைப்புத் திட்ட வரைபடம் ஒன்று 2006 ஜனவரியில் நாளிதழில் வெளியானது. சில குடியிருப்புகளின்மேல் பூங்காவைக் குறிக்கும் பச்சை வட்டங்கள் இருந்தன. அதில் ஒன்று பிராட்மூர் என்ற பேட்டையின்மேல். ஊரெங்கும் சிதறிக் கிடந்த பிராட்மூர்க்காரர்கள் அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் ஒன்றுகூடினார்கள். தாங்களே திட்டம் எழுதி, தாங்களே நிதி தேடி, பேட்டையைத் திரும்பக் கட்டினார்கள்.

## நல்ல பெயருக்கு வரும் விலை

சரி, பேட்டை பிழைத்துவிட்டது, நல்ல பெயரும் எடுத்துவிட்டது. அப்புறம் என்ன ஆகும்? வசதி குறைந்தவர்கள் வாழ்ந்த பகுதிக்கு வசதி உள்ளவர்கள் குடிவந்து, வாடகை ஏறி, பழையவர்கள் வெளியேற வேண்டிய நிலை வரலாம். லண்டனில் இதைக் கவனித்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964-இல் இதற்கு ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயர் வைத்தார். மேட்டுக்குடியாக்கம் என்று நாம் சொல்லலாம்.

ஜேக்கப்ஸ் முதலியோர் நெடுஞ்சாலையிலிருந்து காப்பாற்றிய பகுதிகளில் ஒன்று சோஹோ. அடுத்து நடந்தவை இவை:

1. சாலை வரப்போகிறது என்ற பயத்தில் அங்கே யாரும் முதலீடு செய்யவில்லை. பழைய தொழிற்கூடங்கள் மலிவு வாடகைக்குக் கிடைத்தன.
2. விசாலமான இடம் தேடிய கலைஞர்கள் அவற்றில் குடியேறினார்கள். 1971-இல் நகரம் அதைச் சட்டப்படி அனுமதித்தது.
3. 1973-இல் வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்களுக்காக அந்தப் பகுதி பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.
4. கலைஞர்களால் வந்த பெயரைப் பார்த்துக் கடைகளும் பணக்காரர்களும் வந்தார்கள். இளம் கலைஞர்கள் நினைத்துப் பார்க்க முடியாத விலைக்கு இடம் ஏறிவிட்டது.

‘சோஹா’ என்ற பெயரைக் கேட்டு ஹார்லெம் ஏன் கொதித்தது என்பது இப்போது விளங்கும். அந்தப் பெயர் சோஹோவை நினைவூட்டும்படி வைக்கப்பட்டது. சோஹோவுக்கு என்ன நடந்தது என்று நியூயார்க்கில் எல்லோருக்கும் தெரியும். அதோடு, நூறு ஆண்டுகளாக ஒரு சமூகம் உழைத்துச் சேர்த்த பெயரை விளம்பரத்திலிருந்து நீக்கினால், அங்கே யார் இருந்தார்கள் என்ற கேள்வியே புதிதாக வருபவருக்கு எழாமல் போகும். அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது என்பதே என் கருத்து. பெயர் மாற்றத்தால் அங்கே யாருக்கும் வீடு போகவில்லை. வீடு போகப்போகும் நாள் நெருங்குகிறது என்பதற்கான அறிவிப்பாகவே அவர்கள் அதைப் படித்தார்கள்.

பேட்டையின் குணத்தைப் பார்க்க வருகிற கூட்டமே அந்தக் குணத்தைக் கரைப்பதும் உண்டு. பார்சிலோனா நகர நிர்வாகம் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் சுமார் 10,000 வீடுகளின் உரிமங்களை 2028-க்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024-இல் அறிவித்ததற்குப் பின்னணி இதுதான். அலங்காரம் செய்யும் அண்டை வீட்டாரே தெருவில் இல்லாமல் போனால் கிராசியா விழாவை யார் நடத்துவது?

## கதவைச் சாத்தும் பெருமை

‘எங்கள் பேட்டையின் குணத்தைக் காப்பாற்றுங்கள்’ என்ற அதே வாசகத்தை வேறு நோக்கத்தோடும் சொல்லலாம். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சிகாகோ உள்ளிட்ட அமெரிக்க நகரங்களில், கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அதை முன்னின்று செய்தவற்றில் பேட்டை முன்னேற்றச் சங்கங்களும் இருந்தன. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் வர 1968 ஆயிற்று.

இன்று யாரும் அப்படி வெளிப்படையாக எழுதுவதில்லை. உயரக் கட்டுப்பாடு, குறைந்தபட்ச மனை அளவு, பாரம்பரியப் பகுதி அறிவிப்பு போன்றவை சில இடங்களில் அதே வேலையைச் செய்கின்றன. இதில் முடிவு சொல்வது எளிதல்ல, ஏனென்றால் இதே கருவிகள்தான் அருமையான பழைய தெருக்களையும் காப்பாற்றியிருக்கின்றன. நியூயார்க்கில் 1963-இல் தொடங்கிப் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடித்துத் தள்ளிய வேதனையில்தான் 1965-இல் பாரம்பரியச் சட்டம் வந்தது. ஆகவே கருவியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் யார் உள்ளே வர முடியாமல் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

## செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

அடுத்த முறை ஒரு பேட்டையின் பெயர், எல்லை, மைதானம், சந்தை பற்றிய சண்டை செய்தியில் வந்தால், இந்தக் கேள்விகள் உதவும்.

1. எந்தக் கோட்டைப் பற்றிய சண்டை? வார்டுக் கோடு மாறினால் பிரதிநிதியும் வாக்கு வலிமையும் மாறும். பெயர் மட்டும் மாறினால் நில விலையைக் கவனிக்க வேண்டும்.
2. மாற்றத்தைக் கேட்பது யார்? லாஸ் ஏஞ்சலஸில் ‘சவுத் சென்ட்ரல்’ என்ற பெயர் வன்முறையோடு ஒட்டிக்கொண்டதால், 2003-இல் நகர மன்றம் அதை ‘சவுத் லாஸ் ஏஞ்சலஸ்’ என்று மாற்றியது. அந்தக் கோரிக்கையில் பேட்டைக்காரர்களே முன்னின்றார்கள். ஹார்லெமில் வெளியிலிருந்து வந்த பெயரோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது.
3. அங்கே மக்கள் சேர்ந்து செய்யும் வேலை எது? விழா, கழகம், சங்கம் எதுவானாலும், அதற்கு இடம் தருவது எது? அந்த இடம் போகிறதா?
4. வாடகைக்கு இருப்பவர்கள் தொடர்ந்து இருக்க முடியுமா?

இந்த நான்காவதுதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. சுவர் போன பிறகு நகரத்தின் மூலையாக இருந்த க்ராய்ஸ்பெர்க் நடுவுக்கு வந்துவிட்டது. 2001-இல் அதைப் பக்கத்து ஃப்ரீட்ரிஷ்ஷைனோடு ஒரே மாவட்டமாக இணைத்தார்கள். அதன்பிறகும் இரு பேட்டைக்காரர்களும் நடுவிலுள்ள பாலத்தில் தண்ணீரும் அழுகிய காய்கறியும் வீசி விளையாட்டுச் சண்டை போட்டார்கள். தங்கள் தெருவில் கூகுள் நிறுவனம் திறக்க இருந்த வளாகத்தை எதிர்த்துப் போராடி, 2018-இல் அதைக் கைவிட வைத்தார்கள். பெருமைக்குக் குறைவே இல்லை. ஆனால் வாடகை ஏறிக்கொண்டே போனது. குடித்தனக்காரர்களைக் காக்க, கட்டடம் விற்பனைக்கு வரும்போது முதலில் வாங்கும் உரிமையை மாவட்ட நிர்வாகம் பயன்படுத்தி வந்தது. 2021 நவம்பரில், க்ராய்ஸ்பெர்க்கின் ஒரு கட்டடம் தொடர்பான வழக்கில், புதிய உரிமையாளர் பின்னாளில் குடியிருப்போரை வெளியேற்றலாம் என்ற ஊகத்தை மட்டும் வைத்து அந்த உரிமையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழி பெருமளவு அடைபட்டதால், வீட்டு வாடகைச் சட்டத்தையே மாற்றக் கோருவதுதான் அங்குள்ள குடித்தனக்காரர் சங்கங்களின் இன்றைய வேலை.